கைப்பிடி இல்லாத மாடிப்படி

சமையல் மேடை எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்று கேளுங்கள், தூக்கத்தில்கூடச் சொல்வேன். நிற்பவளின் முழங்கைக்கு நான்கு விரல் கீழே. அதற்கு மேல் போனால் தோள் வலிக்கும், ரொம்பக் கீழே போனால் இடுப்பு போய்விடும். இதையெல்லாம் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நானாகத் தேடித் தெரிந்துகொண்டேன்.

நாங்கள் கட்டவிருந்த வீட்டுக்காக ஆறு வருடத் தேடல் அது. பல் டாக்டரிடம் காத்திருக்கும்போது புரட்டிய பழைய பத்திரிகை, பெயின்ட் கடை வண்ண அட்டை, எதையும் விட்டதில்லை. வெட்டி எடுத்து ஒரு நீள நோட்டில் ஒட்டி, பக்கத்தில் பென்சிலால் அளவு எழுதி வைப்பேன். "பைத்தியம் முத்திடுச்சு" என்பார் என் வீட்டுக்காரர்.

பக்கத்து மனையில் கொழுந்தனாரும் கட்ட ஆரம்பித்தார். அவர் மனைவி, என் ஓரகத்தி, ஒரு நாள் வந்தாள். "அக்கா, அந்த நோட்டை ரெண்டு நாள் தாங்களேன்."

கொடுத்தேன். நல்ல பெண். கடைக்குக் கிளம்பினால்கூட எனக்கு என்ன வேண்டும் என்று கேட்காமல் போக மாட்டாள்.

நோட்டு திரும்பி வர மூன்று மாதம் ஆனது. அவர்கள் வேலை வேகமாக நடந்தது. ஜன்னலோரம் உட்காரும் பலகை, கடல்நீலச் சமையலறை, அலமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்த விளக்கு என்று என் பக்கங்கள் ஒவ்வொன்றாக அங்கே எழுந்து நின்றன. பிறகு அதே பலகையை நான் போட்டபோது நாத்தனார் வந்து பார்த்துச் சிரித்தாள்.

"என்ன அண்ணி, சின்ன அண்ணி வீட்டை அப்படியே காப்பி அடிச்சிட்டீங்க?"

என் வீட்டுக்காரர் பக்கத்தில்தான் இருந்தார். ஆறு வருடம் நான் வெட்டி ஒட்டியதைப் பார்த்தவர். "சின்னவளுக்கு ரசனை ஜாஸ்தி" என்றார்.

நான் கோபப்படவில்லை. மறுநாள் நோட்டில் புதிதாக ஒரு படம் ஒட்டினேன். மாடிப்படிக்குக் கைப்பிடி கிடையாது, மேலே விளிம்புக்கும் தடுப்பு கிடையாது. பார்க்க அழகாக இருந்தது. பக்கத்தில் 'என் வீட்டுக்கு, கட்டாயம்' என்று எழுதினேன். ஓரகத்தி வாரம் ஒரு முறை வந்து நோட்டைப் புரட்டுவாள். அவள் வீட்டில் அப்போது கைப்பிடி வேலை மட்டும்தான் பாக்கி.

"படத்துக்கு நல்லாருக்கும்மா, மனுஷங்க புழங்க ஆகாது" என்று மேஸ்திரி தடுத்திருக்கிறார். அவள் என்னிடம் ஓடி வந்தாள்.

"நிஜமா நீங்க வைக்கப் போறதில்லையாக்கா?"

"வச்சா அழகே போயிடும். உனக்கு பயம்னா நீ வச்சுக்கோ."

"எனக்கென்ன பயம்?" என்றாள். அப்படித்தான் சொல்வாள் என்று எனக்குத் தெரியும்.

ஆசாரி உங்களிடம் சொன்னது உண்மைதான், இன்ஸ்பெக்டர். அதே வாரம் என் மாடிப்படிக்குத் தேக்கில் கைப்பிடி செய்யச் சொன்னேன். இரண்டு பக்கமும். நாளைக்கு முழங்கால் வலி வந்தால் யார் பார்ப்பார்கள்? அது ஒரு முன்யோசனை.

கைப்பிடி இல்லாமலே அவர்கள் குடிவந்த பிறகு பத்து மாதம் ஒன்றுமே நடக்கவில்லை. அவள் சுவர் ஓரமாகவே ஏறி இறங்கப் பழகிவிட்டாள். வயிற்றில் பிள்ளை வந்ததும் இன்னும் கவனமாக நடந்தாள். ஏழாம் மாதம் நானே போனேன்.

"உன் மாடியை ஒரு போட்டோ எடுத்துக்கறேன், நோட்டுல ஒட்ட."

"என்னையுமா ஒட்டப் போறீங்க?" என்று சிரித்தாள். நான் மேலே அறை வாசலில் நின்றேன். அவள் விளிம்புக்கு முதுகு காட்டி நின்றாள்.

"முழுசா வரலை. கொஞ்சம் பின்னாடி போ."

"போதுமாக்கா?"

"இன்னும் ஒரு அடி."

என் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் பின்னால் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. நான் அவளைத் தொடவும் இல்லை, அதை எழுதிக்கொள்ளுங்கள். அவளுக்குப் பின்னால் முக்கால் அடிதான் இருந்தது. முந்தின நாள் அவள் குளிக்கப் போயிருந்தபோது டேப் வைத்து அளந்திருந்தேன்.

துக்கத்துக்கு வந்த நாத்தனார் என் வீட்டு மாடிப்படியில் தயங்கி நின்றாள். கைப்பிடியைத் தடவிப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது.

"இது மட்டும்தான் அண்ணி உங்க சொந்த யோசனை" என்றாள்.

பாருங்கள், கடைசியில் ஒருத்தியாவது ஒப்புக்கொண்டாள்.