வீரபாகு ஐயாவின் குரலில் நான் பேசியது

என் பெயர் ரஞ்சித்குமார். வயது பதினேழு. தகப்பனார் பெயர் ஜெகநாதன், பட்டுத்தறி நெசவு. ஆரணியை அடுத்த மேல்பாவடி பேரூராட்சியில் பாவடித் தெருவில் பெற்றோருடன் குடியிருக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கில் தவறி, மறுதேர்வு எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறேன். இன்று 2002-ஆம் ஆண்டு ஜூலை மாதம் பதினெட்டாம் தேதி, என் தகப்பனாருடன் காவல் நிலையத்துக்கு நானே வந்து இதைச் சொல்கிறேன். யாரும் என்னைப் பிடித்துக்கொண்டு வரவில்லை.

எனக்கு அடுத்தவர் குரலில் பேச வரும். பள்ளியில் தலைமை ஆசிரியர் குரலில் மணி அடிக்கச் சொல்லி ஒரு மணி நேரம் முன்னதாக வீட்டுக்குப் போயிருக்கிறோம். பள்ளி முடிந்த பிறகு, டீக்கடையில் உள்ள ஒரு ரூபாய் போனிலிருந்து பேரூராட்சி அலுவலகத்துக்குப் பேசுவது என் வழக்கமாயிற்று. அங்கே போனை எடுப்பவர் ஸ்வர்ணலதா என்பவர். தெள்ளாரிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் தற்காலிகப் பணியாளர். பிறப்பு, இறப்புச் சான்று, குழாய், தெருவிளக்கு, சாக்கடை எல்லாவற்றுக்கும் அவர் ஒருவர்தான். நான் ஒரு நாள் கிழவர் குரலில் தெருவிளக்கு எரியவில்லை என்பேன், மறுநாள் கிழவி குரலில் அதே விளக்கு அணையவில்லை என்பேன். அவர் இரண்டுக்கும் ஆள் அனுப்பினார். ஒரு முறைகூடச் சலித்துக்கொண்டதில்லை. என்னுடைய பிறப்புச் சான்றில் தகப்பனார் பெயர் தவறாக இருந்தபோது, என்னை அலையவிடாமல் அன்றைக்கே திருத்தி, "ஜல்தியா ஜெராக்ஸ் எடுத்துக்கோப்பா, கடை மூடிடப் போறான்" என்று கொடுத்தவரும் அவர்தான்.

எங்கள் தெருவில் தறியில் ஏற்றும் நீளவாக்கு இழைகளான பட்டுப் பாவை விடியற்காலையில் தெரு நீளத்துக்கு நீட்டிக் கட்டி, கஞ்சி போட்டுக் காயவைப்பார்கள். அன்றைக்குத் தெருவில் சைக்கிள்கூடப் போகாது. சாக்கடை அள்ளும் பேரூராட்சி டிராக்டரும் வரக்கூடாது. அதற்காகத் தெருப் பெரியவர் வீரபாகு ஐயா முதல் நாள் சாயங்காலம் அலுவலகத்துக்குப் போன் செய்து சொல்லிவிடுவார். எழுத்தில் எதுவும் கிடையாது. அவர் குரல்தான் உத்தரவு. பாவு நீட்டும் நாளில் வீட்டுக்கு ஒரு பையன் கயிறு பிடிக்கப் போகவேண்டும். எனக்குப் பாவு பிடிக்கப் பிடிக்காது.

சென்ற செவ்வாய்க்கிழமை கெங்கம்மாள் என்பவர் வீட்டுப் பாவு நீட்டுவதாக இருந்தது. அதே நாளில் செய்யாரில் எங்களுக்குக் கிரிக்கெட் மேட்ச். சாக்கடை அள்ளும் டிராக்டர் முன்னாடியே தெருவில் வந்து நின்றுவிட்டால் பாவு தள்ளிப்போகும் என்று சாக்கடையைச் சாக்காகப் பிடித்துக்கொண்டேன். திங்கட்கிழமை சாயங்காலம் வீரபாகு ஐயா போன் செய்துவிட்டு வீட்டுக்குள் போனதைப் பார்த்த பிறகு, நானும் என் நண்பன் குமரேசனும் டீக்கடைக்குப் போனோம். குமரேசன் சிரிப்பை அடக்கத் துண்டை வாயில் திணித்துக்கொண்டான். நான் வீரபாகு ஐயா போலவே இரண்டு முறை இருமிவிட்டு, "நான்தாம்மா பேசறேன். நாளைக்கி பாவு இல்ல. காவா நாறுது, வண்டிய அனுப்பிடு" என்றேன்.

அதற்கு ஸ்வர்ணலதா அவர்கள், "இப்பதானங்கய்யா பாவு இருக்குதுன்னீங்க?" என்று கேட்டார்.

"அதான் இல்லன்னு ஆயிப்போச்சின்றேன்ல."

"சரிங்கய்யா. காத்தாலயே அனுப்பிடறேன். இருமல் இன்னும் வுடலியா? மாத்திரை எதுனா போடறீங்களா?"

நான் போடுவதாகச் சொல்லிப் போனை வைத்தேன்.

மறுநாள் விடிந்தும் டிராக்டர் வரவில்லை. டிரைவர் இராஜமாணிக்கம் வண்டிக்கு டீசல் போடப் போய்விட்டார் என்று பிறகு தெரிந்தது. அதற்குள் பாவு நீட்டிவிட்டார்கள். என் தகப்பனார் என்னை எழுப்பி அனுப்பினார். கஞ்சி போடுவதற்காகப் பாவைக் கொஞ்சம் தளர்த்தும்போது, முனைக் கயிற்றை முளைக்குச்சியிலிருந்து அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொள்ளவேண்டும். அந்த முனை என் கையில் இருந்தது. அரக்குச் சிவப்புப் பாவு. அந்த நேரத்தில் டிராக்டர் தெருமுனையில் திரும்பியது. அது ஏன் வருகிறது என்று தெரிந்தவன் அந்தத் தெருவில் நான் ஒருவன்தான். பயத்தில் கயிற்றை விட்டுவிட்டேன். பாவு அப்படியே சாய்ந்து சாக்கடையில் விழுந்தது. டிராக்டர் தூரத்திலேயே நின்றுவிட்டது, பாவைத் தொடவில்லை. ஆனால் வண்டி வந்த பதற்றத்தில் விழுந்ததாக எல்லோரும் சொன்னார்கள். நானும் ஆமாம் என்றேன்.

அதன் பிறகு தெருவே திரண்டு பேரூராட்சி அலுவலகத்துக்குப் போனது. நானும் போனேன். கெங்கம்மாள் நனைந்த பாவைத் தூக்கிக்கொண்டு வந்து மேசைமேல் போட்டு, "எம் பாவ காவால தள்ளிட்டு இங்க ஃபேன் காத்துல குந்திகினு கீறியா?" என்று ஸ்வர்ணலதா அவர்களைக் கேட்டார். அவர் எழுந்து நின்று, வீரபாகு ஐயா இரண்டாவது முறையும் பேசினார் என்றார்.

"நான் ஒரு வாட்டிதாம்மா பேசினேன். என் புள்ளைங்க மேல சத்தியமா சொல்றேன்" என்றார் வீரபாகு ஐயா.

"உங்க குரலுதாங்கய்யா. இருமினீங்க. நான் மாத்திரை கேட்டேன்."

வீரபாகு ஐயா திகைத்துப்போய் நின்றார். கூட்டத்தில் சிலர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். யாராவது யோசித்தால் என் பெயர் வந்துவிடும் என்று எனக்குத் தோன்றியது. குமரேசன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். உடனே நான் பின்னாலிருந்து, "காது கேக்காதவங்கள போன்ல உக்கார வெச்சிட்டு, கண்ணு தெரியாதவங்கள லைட்டு மாட்ட அனுப்புவீங்களா சார்?" என்று கத்தினேன். எல்லோரும் சிரித்தார்கள். அங்கே நின்றிருந்த பேரூராட்சிச் செயல் அலுவலரும் சிரித்தார். அதற்குப் பிறகு ஸ்வர்ணலதா அவர்கள் சொன்ன எதையும் யாரும் கேட்கவில்லை. மேசையிலிருந்து சொட்டிய சாக்கடைத் தண்ணீரை அவர் தன் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தார். அவரை வேலையிலிருந்து நீக்கவேண்டும் என்று தெருவின் சார்பில் அன்றைக்கே கேட்டுக்கொள்ளப்பட்டது. காவல் நிலையத்திலும் அவர்மீது புகார் கொடுத்தார்கள்.

நேற்று இரவு சாப்பிடும்போது என் தகப்பனார், அந்தப் பெண் பொய் சொல்கிறாள் என்று அம்மாவிடம் சொன்னார். நான் இல்லை என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அடிப்பார் என்று நினைத்தேன். அவர் கை கழுவிவிட்டுச் சட்டையை எடுத்து மாட்டி, உடனே மறுபடியும் கழற்றி வைத்தார். இன்று சாயங்காலம் தறியை நிறுத்திவிட்டு என்னை இங்கே அழைத்து வந்தார்.

உதவி ஆய்வாளர் தனசேகரன் அவர்கள் நான் சொன்னதை நம்பவில்லை. "அந்தம்மா உனக்கு சொல்லிக் குடுத்து அனுப்பிச்சா?" என்று கேட்டார். நான் இல்லை என்றதும், பேரூராட்சி அலுவலகத்துக்கு நம்பர் போட்டு, "எங்க, பேசிக் காட்டு" என்று போனை என்னிடம் தந்து, தன் காதையும் பக்கத்தில் வைத்துக்கொண்டார். செயல் அலுவலர் எடுத்தார். நான் இருமிவிட்டு, "நான்தாம்பா" என்றேன்.

அதற்கு அவர், "சொல்லுங்க வீரபாகுண்ணே. நீங்க சொன்னா மாதிரியே அந்தப் பொண்ண மத்தியானமே அனுப்பிட்டோம். சாவியக் குடுத்துட்டுப் போயிடுச்சி. கடைசி வரைக்கும் உங்க குரலுதான்னு ஒரே பிடிவாதம். பேஜாராப் போச்சி. இப்ப திருப்திதானே உங்களுக்கு?" என்றார்.

உதவி ஆய்வாளர் மேலே பேசு என்று சைகை காட்டினார். எனக்கு வீரபாகு ஐயாவின் குரல் வரவில்லை.

"சார், நான் வீரபாகு ஐயா இல்ல சார். ஜெகநாதன் பையன் ரஞ்சித்து. அன்னிக்கி போன் பண்ணதும் நான்தான். அந்தக்காவுக்கு காது நல்லா கேக்கும் சார்" என்றேன். உதவி ஆய்வாளர் போனை வாங்கிக்கொண்டு, உடனே இங்கே வரும்படி அவரிடம் சொன்னார். அதன் பிறகுதான் எழுத்தரைக் கூப்பிட்டு இதை எழுதச் சொன்னார்.

ஸ்வர்ணலதா அவர்களுக்கு வேலை திரும்பக் கிடைக்குமா என்று கேட்டேன். அதைத் தான் சொல்ல முடியாது என்று உதவி ஆய்வாளர் கூறினார். இந்த வாக்குமூலத்தின் நகல் ஒன்று ஸ்வர்ணலதா அவர்களுக்கும் போகவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இதில் உள்ளதெல்லாம் யார் தூண்டுதலும் மிரட்டலும் இல்லாமல் நானாகச் சொன்னது. என் தகப்பனார் முன்னிலையில் படித்துக் காட்டினார்கள், கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, அவ்வளவும் உண்மை.

(ஒப்பம்) ஜெ. ரஞ்சித்குமார்
உடனிருந்தவர்: ஜெகநாதன், தகப்பனார்