தொப்பி மாமா வர்ற பொட்டி

...கோளாறு ஏரியல்லதான் தம்பி, டிவி பொட்டியில இல்ல. நீ எதுக்குப் பின்பக்கத்தக் கழட்டுற? கொடைக்கானல் டவரப் பாத்து நட்ட கம்பி, காக்கா ஒக்காந்து ஒக்காந்து இப்ப வைகை அணையப் பாத்துத் திரும்பிருச்சு. மாடியில ஏறி அதத் திருப்பி விடு, சரியாப் போயிரும்... கேக்க மாட்ட. சரி, கழட்டு. சின்னமனூர் மெக்கானிக்கு, ஒனக்குத் தெரியாததா.

வெளிய பாரு. முத்தம் பூரா புள்ளைக. அஞ்சரைக்கு நிகழ்ச்சி, மத்தியானமே வந்து குத்தவச்சிருச்சுக. ஏலே, கதவச் சொரண்டாதீக! வாழக்கா வியாபாரி மலைச்சாமி வீடா இது, சினிமாக் கொட்டகையா? தெருவுல ஒத்தப் பொட்டி வச்சிருக்கிறவன் பாவம் செஞ்சவன் தம்பி. எல்லாம் அந்தத் தொப்பி மாமாவால வந்தது.

தெரியும்ல? ஞாயித்துக்கெழம மெட்ராஸ்லருந்து புள்ளைகளுக்குக் கத சொல்வானே, அந்தாளு. தொப்பியக் கழட்டுனா வழுக்க. போட்டிருக்கிற சட்டை அண்ணன்கிட்ட வாங்குன மாதிரித் தொளதொளன்னு கெடக்கும். ஒரு கதையவாச்சும் ஒழுங்கா முடிச்சிருப்பானா? பாதியில மறந்துட்டு, கண்ண உருட்டி நம்மளயே கேப்பான், "அப்புறம் என்னாச்சு, கண்ணுகளா?"ன்னு. கத சொல்ல வந்தவன் கேக்குற கேள்வியா இது! இதுக இங்கனருந்து தொண்ட கிழியக் கத்தும். அந்தாளு காதுல கைய வச்சுக் கேட்டுட்டு, "சபாஷ்!"ம்பான். மெட்ராஸ்ல இருக்கிறவனுக்கு மார்க்கையன்கோட்டையில கத்துறது கேக்குமா? புத்தி வேணாம்?

ஒருநா, நரி எங்க ஒளிஞ்சதுன்னு கேட்டான். கெணத்துக்குள்ளங்குது ஒண்ணு, வைக்கப்போருங்குது ஒண்ணு. நான் சும்மா வெத்தல எடுக்க அந்தப் பக்கம் போனவன்... வாழத்தோப்புக்குள்ளன்னேன். அந்தாளு நேரா என்னையப் பாத்தான் தம்பி. பாத்து "சபாஷ்!"ன்னான். பெறகு கதையில நரி கரும்புக்காட்டுல கெடந்துச்சு. அது கெடக்கட்டும். சபாஷ் சபாஷ்தான?

அதுக்காக நான் வாராவாரம் ஒக்காந்து பாத்தேன்னு நெனச்சுராத. வெத்தலச் செல்லம் இந்த ரூம்புல இருக்கு, அவ்வளவுதான். சுருளியம்மா, எம்பொஞ்சாதி, வேற மாதிரிச் சொல்வா. அவ பேச்ச விடு.

போன புதங்கெழம பேப்பர்ல போட்டிருந்தாக. நெஞ்சுவலியாம், போயிட்டான்னு. இவ கூடப்பொறந்தவன் செத்த மாதிரி மூக்கச் சிந்துறா. புள்ளைக வாசல்ல வந்து வந்து நிக்குதுக. நான் அழுகல. நான் எதுக்கு அழுகணும்? எனக்கு மாமனா, மச்சானா? கண்ணு செவந்திருந்துச்சுன்னு யாராச்சும் சொன்னா... அன்னைக்கு யூரியா மூட்டையத் தட்டுனேன். தூசி.

இன்னைக்கு அந்தாளோட பழைய நிகழ்ச்சி ஒண்ணப் போடுறாகளாம், கடேசியா. "வாங்கடா, நான் காட்டுறேன்"னு புள்ளைககிட்டச் சொல்லித் தொலச்சுட்டேன். பொட்டி புதங்கெழமயே கண்ண மூடிருச்சுன்னு அதுகளுக்குத் தெரியாது. நாலு நாளா ஆள் மேல ஆள் விட்டு இப்பத்தான் நீ வந்திருக்க. இது எந்திரிக்கலன்னா அதுக மொகத்துல நான் எப்படி முழிப்பேன், சொல்லு.

என்னத்த எடுத்துக் காட்டுற? பூவா... செவ்வந்தி. அது எப்படி உள்ள போச்சு? பல்லி இழுத்துட்டுப் போயிருக்கும்... அது என்ன, தேங்காச் சில்லா? பல்லி தேங்கா திங்காதோ... அட, அப்படிப் பாக்காத தம்பி. சொல்லிர்றேன். அடுப்படிக் கதவச் சாத்து மொதல்ல, இவ காதுல விழுந்தா என்னைய உண்டு இல்லன்னு ஆக்கிருவா.

புதங்கெழமச் செய்தியில அவுக படம் போடுவாகன்னு டீக்கடையில சொன்னாக. இவ கோயிலுக்குப் போயிருந்தா. நான் செவ்வந்தி மாலைக்குத் தண்ணியத் தெளிச்சு மடியில வச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தேன். போட்டோவுக்கு நான் எங்கன போறது? அவுக இருந்தது இந்தப் பொட்டியிலதான. மொகம் வந்துச்சு. அதே தொப்பி. படத்த எடுத்துருவாகளோன்னு பதறிப்போய் மாலையச் சாத்தி, பொட்டி ஓரத்துலயே தேங்காயத் தட்டி ஒடச்சுட்டேன். தண்ணி பூரா ஓட்ட வழியா உள்ள போயிருச்சு. டப்புன்னு ஒரு சத்தம், பொகை. அவுகளக் காணோம். நானே தள்ளிவிட்ட மாதிரி ஆகிப்போச்சு தம்பி. அதுலருந்து சோறு எறங்கல.

ஏ... ஏ! வெளிச்சம் வருது! புள்ளி புள்ளியா வருது! சத்தமும் வருதுப்பா! ஏலே, வாங்கலே உள்ள! காலக் கழுவுனா என்ன, கழுவாட்டி என்ன, ஏறி வாங்க! சின்னக்கருப்பு, முன்னால ஒக்காரு, நீ குட்ட. சுருளியம்மா, அடுப்ப அமத்திட்டு ஓடியா! அந்தா... வந்துட்டாக. சட்டையப் பாரேன்... ச்சே, மனுசன் ஒரு நல்ல சட்டை தச்சுக்கிட்டாத்தான் என்ன.

மறந்துட்டாக. கதைய மறந்துட்டாக! என்னாச்சுன்னு கேக்குறாக, சொல்லுங்கலே! ஏன் எல்லாரும் பேசாம இருக்கீக? கத்திச் சொல்லுங்க, இப்ப ரொம்பத் தூரத்துல இருக்காகல்ல...

தம்பி, ஒரு வாய் காப்பி குடிச்சிட்டு... எங்க ஆளக் காணோம்? சாமான் பையயும் காணோம்? போயிட்டு வாரேன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போனா வாய் தேஞ்சா போயிரும்? இந்தக் காலத்துப் பயலுகளுக்கு ஒரு மட்டு மருவாதி...

அட.

சாவு விழுந்த துட்டி வீட்டுல சொல்லிக்கிட்டுப் போகக்கூடாதுல்ல. வெவரமான பயதான்.