கைநாட்டுக்குக் காத்திருந்த மண்வெட்டி

எனக்கு முழங்கால் வலி உண்டு, இன்ஸ்பெக்டர் ஐயா, அதனால் உட்கார்ந்தபடியே சொல்கிறேன். நீங்களும் உட்காருங்கள். நாற்காலி சற்று ஆடும். ஆனால் இதுவரை யாரையும் கீழே தள்ளியதில்லை.

பெயர் வீரராகவன். நூம்பல் கிராமத்துக்கு இருபத்தெட்டு வருஷம் மணியக்காரனாக இருந்தேன். இப்போது அந்த வேலை என் தங்கை மகன் ஆனந்தனுடையது. சாவடிச் சாவி அவன் பொறுப்பு, இருப்பது என் மடியில். ஓய்வு பெற்றவனுக்குப் பொழுது போக வேண்டாமா? எல்லாம் அங்கேதான் தொடங்கியது.

சித்திரையில் கூவம் வற்றிக் கிடந்தபோது மணலில் ஏதோ மின்னியது. எடுத்துப் பார்த்தேன். காக்காப்பொன். விரலால் கிள்ளினால் ஏடு ஏடாக உரியும், ஒன்றுக்கும் உதவாது. ஆனால் குமணன்சாவடி காபி கிளப்பில் உட்கார்ந்து, கடுகளவு தங்கம் கிடைத்தது என்றேன். மறுநாள் என் வாயாலேயே அது உளுந்தளவு ஆயிற்று. மூன்றாம் நாள் புளியங்கொட்டை. அதற்குப் பிறகு நான் பேச வேண்டிய தேவையே இருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பாதிப் பட்டணம் எங்கள் ஆற்றில் நின்றது. பஸ்ஸில் வந்தார்கள், ஜட்காவில் வந்தார்கள், யானைமேல் ஒரு ஜமீன்தார் வந்தார். சரி, யானை இல்லை. அதை அடித்துவிடுங்கள்.

ஆற்றுப் புறம்போக்கு சர்க்கார் நிலம். அங்கே கூட்டம் கூடினால் விதி வேண்டும். இருபத்தெட்டு வருஷம் பிறர் எழுதிய விதியைத் தமுக்கடித்தவன் நான். ஒருமுறை என் விதியைத் தமுக்கடித்துக் கேட்க ஆசை இருக்காதா? எழுதினேன். ஞாயிறு மட்டும், வெயில் சாயும் வரை. மரத்தட்டு, முறம், கொட்டாங்கச்சி வைத்து அரிக்கலாம். இரும்பு கூடாது, கொண்டு வந்தால் சாவடியில் பறிமுதல். யாரிடம் பறித்தோமோ அவரே வந்து கைநாட்டு வைத்துத் திரும்ப வாங்க வேண்டும். பள்ளம் முழங்கால் ஆழத்தைத் தாண்டக் கூடாது.

யாருடைய முழங்கால் என்று ஒரு வக்கீல் கேட்டார். என்னுடையது என்றேன். நான் குள்ளன். அந்த வக்கீல் வெட்டிய பள்ளத்தில் நான் காலை இறக்கி அளந்தபோது அவர் கைகட்டி நின்றார். அப்படி ஒரு சந்தோஷத்தை நான் வேலையில் இருந்த காலத்தில்கூட அனுபவித்ததில்லை.

தங்கவேலைப் பற்றிக் கேட்கிறீர்கள். சேரிக்காரன். அவன் அப்பன் என்னை ‘ஆண்டே’ என்று கூப்பிட்டுவிட்டுத் தள்ளி நிற்பான். மகன் பட்டணத்து மில்லில் நாலு வருஷம் இருந்து, வேலை போய்த் திரும்பியவன். முதல் ஞாயிறு அவனுடைய மண்வெட்டியைப் பிடுங்கியபோது, “அண்ணாத்தே, காயிதத்தக் காட்டு. இது சர்க்கார் போட்ட சட்டமா, நீ போட்டதா?” என்றான். அண்ணாத்தே. அவனுடையதோடு சேர்த்துச் சேரியில் இருந்த பதினோரு மண்வெட்டிகளையும் வாரிக்கொண்டு வந்து சாவடியில் பூட்டினேன். அது கோபத்தால் அல்ல. விதி எல்லோருக்கும் பொது.

அடுத்த ஞாயிறு அவன் கீழே தோண்டவில்லை. கொட்டாங்கச்சியால் ஆற்றுக் கரையைப் பக்கவாட்டில் குடைந்துகொண்டிருந்தான். ஆள் நுழையும் அளவு. இது என்ன என்று கேட்டேன்.

“கீய தான தோண்டக் கூடாது? நான் பக்கத்துல பூந்துகினு கீறேன். வா, முட்டிய வெச்சு அளந்துக்கோ.”

எல்லோரும் சிரித்தார்கள். வக்கீல் சிரித்தார். முறுக்கு விற்கிற பொன்னியம்மா, பல்லே இல்லாதவள், அவளும் சிரித்தாள். பூந்தமல்லி வரைக்கும் கேட்டிருக்கும். இதை மட்டும் நான் மிகைப்படுத்தவில்லை.

அதற்கு அடுத்த ஞாயிறு உச்சி வேளையில் கரை சரிந்தது. ஆனந்தன் திருமுல்லைவாயிலில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தான். சாவடிக் கதவுக்கு முன்னால் நாற்காலி போட்டு நான் உட்கார்ந்திருந்தேன். தங்கவேல் பெண்டாட்டி ராஜம்மா ஓடி வந்தாள்.

“ஆண்டே, கரை சரிஞ்சிட்ச்சு. அவரு உள்ள மாட்டிக்கினாரு. சாவடியத் தொறந்து மம்முட்டியக் குடுங்க.”

யாருடைய மண்வெட்டி என்று கேட்டேன். அவருடையதுதான் என்றாள். அப்படியானால் அவன் வந்து கைநாட்டு வைக்க வேண்டும் என்றேன்.

“அவரு மண்ணுக்குக் கீய கீறாரு, ஆண்டே. எப்டி வருவாரு?”

நான் குரலை உயர்த்தவில்லை. நிதானமாக விளக்கினேன். புருஷன் பொருளைப் பெண்டாட்டி வாரிசாகத்தான் வாங்க முடியும். வாரிசு என்றால் அவன் செத்திருக்க வேண்டும். செத்துவிட்டானா என்று கேட்டேன்.

“இல்ல. சத்தம் கேக்குது. மூச்சு கீது அவருக்கு.”

“அப்போ நீ வாரிசு இல்ல.”

அவள் என் காலைப் பிடித்தாள். வலிக்கிற கால். அதையும் பொறுத்துக்கொண்டேன்.

மற்றப் பத்து மண்வெட்டிக்குச் சொந்தக்காரர்கள் இருந்தார்களே என்கிறீர்கள். வரிசையில் வந்து கைநாட்டு வைக்கட்டும் என்று அவளிடமே சொல்லி அனுப்பினேன். வெறுங்கையால் மண்ணைப் பறித்துக்கொண்டிருந்தவர்களுக்குக் கையை எடுக்க மனமில்லை. வந்திருந்தால் கொடுத்திருப்பேன். மைப்பெட்டி காய்ந்திருந்தது, அது வேறு விஷயம். ஊர்த் தெருவிலும் போய் மண்வெட்டி கேட்டிருக்கிறார்கள். மணியக்காரர் சொல்லாமல் தர மாட்டோம் என்று கதவைச் சாத்திக்கொண்டார்களாம். நல்ல மரியாதை தெரிந்த ஊர், ஐயா.

நான் இரண்டு முறை வெற்றிலை போட்டேன். இரண்டாவதைத் துப்புவதற்குள் ஆற்றுப் பக்கம் சத்தம் அடங்கிவிட்டது.

இனி உங்களுக்குத் தெரியாத ஒன்று. அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை தாலுகா கச்சேரியிலிருந்து ஓர் உத்தரவு வந்தது. தங்கவேல் யாரையோ பிடித்து மனு எழுதிப் போட்டிருக்கிறான். புறம்போக்கில் யார் வேண்டுமானாலும் மணல் அரிக்கலாம், கை மண்வெட்டிக்குத் தடை இல்லை, கரையைக் குடைவது மட்டும் உயிருக்கு ஆபத்து, உடனே தமுக்கடித்துத் தடுக்கவும் என்று எழுதியிருந்தது. “மாமா, தமுக்கு போட்டுடலாமா?” என்று ஆனந்தன் கேட்டான். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வாங்கி என் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். போட்டிருந்தால் பழைய விதி என்னுடையது என்று ஊருக்கே தெரிந்திருக்கும். அவன் இன்னொரு முறை சிரித்திருப்பான். அந்தக் குகை விழும் என்று எனக்குத் தெரியும். ஆற்றங்கரையில் பிறந்தவன் நான், ஈர மணல் எத்தனை நாள் நிற்கும் என்று தெரியாதா? சனிக்கிழமையே போய்ப் பார்த்தேன். மேலே விரல் நுழையும் அளவு விரிசல். யாரிடமும் சொல்லவில்லை. எழுதிக்கொண்டீர்களா? மெதுவாக எழுதுங்கள், அவசரமில்லை.

ஒரு விஷயம் விட்டுப்போய்விடக் கூடாது. சாயங்காலம் அவனைப் பிணமாக எடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும், குழி தோண்ட வேண்டுமே என்று நானே எழுந்து சாவடியைத் திறந்தேன். இந்தக் காலோடு அவனுடைய மண்வெட்டியைச் சேரி வரைக்கும் தூக்கிக்கொண்டு போனேன். ராஜம்மா வெளியே வந்தாள். நகமெல்லாம் ரத்தம்.

“எடுத்துகினு போ. கையாலயே தோண்டிக்கிறோம்,” என்றாள். ஆண்டே என்றுகூடச் சொல்லவில்லை.

இப்போது நீதான் வாரிசு, ஆனாலும் உன் கைநாட்டுகூட வேண்டாம், சும்மா வாங்கிக்கொள் என்றேன். அந்த வார்த்தையை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. வீரராகவன் இரக்கமில்லாதவன் என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக் கூடாது.