கொக்கு மேல விழற வெயில்

இல்ல சார், கேமரா ரிப்பேர்லாம் இல்ல. படத்துல கொக்கு வெறும் வெள்ளையா இருக்கு, இறகே தெரியலைங்கறீங்க, அப்போ ஆட்டோ மோட்லதான் வெச்சிருப்பீங்க. சுத்தி தண்ணி கருப்பா இருக்குல்ல, கேமரா அதைப் பார்த்துட்டு ஐயோ இருட்டுன்னு வெளிச்சத்தை அள்ளிக் கொட்டிடும். மேனுவலுக்கு மாத்துங்க. பின்னாடி என்ன இருக்குன்னு பார்க்கவே கூடாது, கொக்கு மேல விழற வெயில்தான் கணக்கு. அது கோரையிலேர்ந்து வானத்துக்குப் பறந்தாலும் செட்டிங்கைத் தொடாதீங்க. மேகம் மறைச்சா மட்டும் வெளிச்சத்தைக் கூட்டுங்க.

உட்காருங்களேன், என்ன அவசரம்? பெருங்களத்தூர்லேர்ந்து பஸ் நிறைய இருக்கு. எம்பேரு நாகலக்ஷ்மி, ஏரிக்கு எதிர் தெருதான். வீட்ல நான் மட்டும்தான், பையன் ஜெயகிருஷ்ணன் புனேல. நேத்து காய்காரர்கிட்ட பேசினது, அப்புறம் உங்ககிட்டதான் வாயைத் திறக்கறேன். ஞாயித்துக்கிழமை பறவை பார்க்கற குரூப் ஒண்ணு வரும். நானும் அதுல இருந்தேன். இப்ப அவங்க வராத நாளா பார்த்து வரேன்.

சண்டையா? அப்படித்தான் வெச்சுக்கோங்க. மழைக்காலம் முடிஞ்சும் எனக்கு தினமும் வானம் மூடாக்காவே இருந்துச்சு. சரி, லைட் பத்தலன்னு ஒவ்வொரு படத்துக்கும் கூட்டிக் கூட்டி எடுத்தேன். குரூப்ல போட்டா, ஜீவானந்தம்னு ஒருத்தர், மேடம், மொத்தமா வெளுத்துப் போச்சேங்கறார். எனக்கு வந்துச்சே கோவம்! முதல்ல நீங்க படம் பார்க்கற போனை மாத்துங்கன்னு எல்லார் முன்னாடியும் எழுதிட்டேன். அன்னிக்கு என் பக்கத்துல நின்னு அதே கொக்கை எடுத்தவர் அவர், அந்தப் படத்தை மட்டும் அனுப்பினார். நான் கூட்டின எதையும் அவர் கூட்டல, படம் ஜோரா இருக்கு. அன்னிக்கு பளீர்னு வெயிலாம் சார்.

கேமராதான் கெட்டுப்போச்சுன்னு தாம்பரத்துல கடைக்குத் தூக்கிட்டுப் போனேன். நல்லாத்தானே இருக்கு மேடம்னுட்டாங்க. அங்கேர்ந்து நேரா கண் டாக்டர்.

கண் நரம்பு சார். போன பார்வை போனதுதான், மிச்சத்தைக் காப்பாத்தப் பார்ப்போம்னு சொட்டு மருந்து குடுத்திருக்காரு. பையனுக்குச் சொல்லல. சொன்னா மறுநாளே வந்து வீட்டைப் பூட்டிக் கூட்டிட்டுப் போயிடுவான். தங்கமான பிள்ளைதான். ஆனா அங்க அவனும் மருமகளும் வேலைக்குக் கிளம்பிட்டா, நான் எத்தனாவதோ மாடில உட்கார்ந்து என்ன பண்ண? இந்த ஏரியை விட்டா எனக்கு யாரும் இல்ல சார், வெக்கத்தை விட்டுச் சொல்றேன்.

ஐயோ, அதெல்லாம் வேணாம், வீட்டுக்கு நானே போயிடுவேன், பழகின வழி. நீங்க வேற ஒண்ணு பண்ணுங்க. இங்கேர்ந்து எனக்கு அது நிக்குதா, பறந்துடுச்சான்னே தெரியல. அந்தக் கொக்கு இப்ப என்ன பண்ணுதுன்னு கொஞ்சம் சொல்லுங்களேன்.