மூன்றாம் மாடிக்கு ஒரு பீரோ

தணிகாசலம்: சோபாவுக்குப் போயி டஃப்புன்றியே மச்சான், வெக்கமா இல்ல?

நரசிம்மன்: பெரிய சோபா மாமா.

தணிகாசலம்: ஒத்த ஆளு குந்துற சோபாடா அது! நீ வாயத் தொறந்தாலே டஃப்பு. ஒடனே மேஸ்திரி நம்ம ஜோடிக்கு மூணாவதா ஒரு ஆளப் போடுறாரு. பசங்க சிரிச்சிக்கினு கீறானுங்க.

நரசிம்மன்: சிரிக்கட்டுமே. பாரம் கொறையுதில்ல?

தணிகாசலம்: பாரம் கொறையுது... மானம்? இந்தத் திருச்சானூரு லாட்ஜுங்கள்ல நாம ரெண்டே பேரு தூக்காத கட்டிலா?

நரசிம்மன்: டீ ஆறுது.

தணிகாசலம்: பேச்ச மாத்தாத. காலையில மேஸ்திரி உன்ன இன்னா சொன்னாரு?

நரசிம்மன்: இன்னொரு வாட்டி டஃப்புன்னா வேல கெடையாது, புத்தூரு பஸ்ஸுல ஏறிடுன்னாரு.

தணிகாசலம்: அதச் சிரிச்சிக்கினே சொல்ற! ரெண்டு பொண்ணுங்கள வெச்சிக்கினு... அடுத்தது அந்த இரும்பு பீரோ. மூணாவது மாடி, லிஃப்ட்டு கெடையாது. வாய மூடிக்கினு தூக்கு.

நரசிம்மன்: படியில நீ மேல்பக்கம் புடி மாமா. கீழ்ப்பக்கம் நான் புடிக்கிறேன்.

தணிகாசலம்: கீழ்ப்பக்கம் எப்பவும் என்னுது.

நரசிம்மன்: இன்னிக்கு மட்டும்...

தணிகாசலம்: ஏன்? பெரிய பயில்வான் ஆயிட்டியா? கஷ்டம்னு நல்லதா ஒரு வார்த்த கீது. அதக்கூட உனக்கு இங்கிலீசுலதான் சொல்லணும்.

நரசிம்மன்: கஷ்டம்னா யாருக்குன்னு கேப்பாங்க மாமா. டஃப்புன்னா ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. பழி பீரோ மேல போயிடும்.

தணிகாசலம்: ...யாருக்குன்னு கேட்டா இன்னா சொல்லுவ?

நரசிம்மன்: டீயப் புடி.

தணிகாசலம்: அப்படி நீட்டாத. இந்தக் கையில குடு.

நரசிம்மன்: மறந்துட்டேன். இந்தக் கையிலதான குடிக்கிற இப்பல்லாம்...

தணிகாசலம்: உங்க அக்கா சொன்னாளா?

நரசிம்மன்: அவ வாயே தொறக்கல. அன்னிக்குப் படியில கட்டிலு உன் பக்கம் சாஞ்சுதே... நான்தான் கால் வழுக்கிச்சின்னு சொன்னேன்.

தணிகாசலம்: வழுக்கலியா?

நரசிம்மன்: நான் எங்க மாமா வழுக்கினேன்? உன் கையிதான் விட்டுச்சி. குடி. ஆறிடப் போவுது.

தணிகாசலம்: அப்ப அந்தச் சோபா...

ரங்கையா: ஏம்ப்பா, டீயா விருந்தா? ரண்டி, ரண்டி, எழுந்து வாங்க! பீரோ வாசல்லயே நிக்குது. நரசிம்மா, இப்பவே சொல்லு. இதுவும் டஃப்பா? பஸ் ஸ்டாண்டு பக்கத்துலதான் கீது.

நரசிம்மன்: இல்ல மேஸ்திரி... அது வந்து... இது கொஞ்சம் ட...

தணிகாசலம்: நீ சும்மா இரு மச்சான். டஃப்பு இல்ல மேஸ்திரி. இத்த விடப் பெருசெல்லாம் தூக்கினோம். கஷ்டம், அவ்ளோதான்.

ரங்கையா: கஷ்டமா? யாருக்கு?

தணிகாசலம்: எனக்கு. தோளு போயி மாசம் ஆச்சி. அந்தப் பஸ்ஸு இவனுக்கில்ல மேஸ்திரி.