பாதிக் கட்டில்

— பேக்க அங்குட்டு வச்சிட்டு ஒக்காருங்க தம்பி. இவ்வளவு மேடு ஏறி வந்திருக்கீங்க. எந்தம்பி செத்த நாள்ல இருந்து ஒண்ணே ஒண்ணுதான் கேக்கணும்னு இருக்கேன். காய்ச்சலோட கெடந்தவன் எதுக்கு வீட்டுக்கு வரல?

— ஆஸ்பத்திரியில கேட்டப்ப லீவு கெடைக்கலன்னான்ண்ணே. "எங்கண்ணன் வா வான்னு நச்சரிச்சாரு, நான்தான் போகல"ன்னான்.

— ரெஜினோல்ட் அப்பிடியா சொன்னான்?

— சத்தியமாண்ணே. ரெண்டு தரம் சொன்னான்.

— ம்... ஒரே ரூம்ல இருந்தீங்களே ஸ்ரீதரன். கூட இருக்கிறவனுக்கு ஒடம்பு முடியலன்னு பாத்தா தெரியாதா?

— ஒரே ரூம்தான்ண்ணே. ஆனா நாங்க ஒருத்தர ஒருத்தர் பாக்குறதே காலையில பத்து நிமிசந்தான்.

— என்னா சொல்றீங்க? மாடி வீடு, கடக்காத்து வரும்னு போன்ல சொல்லுவானே!

— மாடிதான். ரூமுக்கு ஏழு பேரு. நான் ராவு வாச்சர், அவன் பகல்ல புடவைக்கடை. ஒரே கட்டில்ல ராவு அவன், பகல் நான். கொழும்புக் கொட்டாஞ்சேனையில முழுக் கட்டிலுக்கு வாடகை குடுத்தா சோத்துக்கு மிஞ்சாதுண்ணே. பாணு ரொட்டி வெல ஏறினதுல இருந்து அவன் ராவுச் சாப்பாட்டையே விட்டுட்டான்.

— பாதிக் கட்டிலா? ஞாயித்துக்கெழம?

— கடை பூட்டுதானே. கட்டில் எனக்கு. அவன் பொழுது சாயுற வரைக்கும் கோல்பேஸ் கடக்கரையில நடந்துக்கிட்டு இருப்பான். ஒங்களோட பேசுறதும் அங்க இருந்துதான். கடல் சத்தம் கேட்டிருக்குமே?

— கேட்டுச்சி. "கொழும்பு தொரை ஜன்னலத் தொறந்து வச்சிட்டுப் பேசுறாரு"ன்னு எம்பொஞ்சாதி மெட்டில்டாகிட்ட கேலி பண்ணுவேன்... சரி. காய்ச்சல் வந்த பொறகு? அப்பவும் எந்திரிச்சா கட்டிலக் குடுத்தான்?

— அண்ணே, அதச் சொல்லத்தான் பலாங்கொடை பஸ் ஏறினேன். அவன் பேக்கக் குடுக்க வந்தேங்கிறது ஒரு சாக்கு.

— சொல்லுங்க.

— மூணு நாளும் நான் ஆறு மணிக்கு வந்ததும் எந்திரிச்சிட்டான். "படு மச்சான்"னு சட்டைய மாட்டிக்கிட்டுப் போயிருவான். மெத்தை கொதிச்சிச்சிண்ணே. தெனமும் ஒருத்தன் படுத்த சூட்டுலதானே மத்தவன் படுக்கிறது. அந்தச் சூடுதான்னு நெனச்சேன். நல்லாத் தூங்கினேன்.

— கர்த்தரே!

— ஆஸ்பத்திரியில டெங்குன்னு சொன்ன பொறகுதான் வெளங்கிச்சி. ரெண்டு அடியாச்சும் அடிச்சிருங்கண்ணே.

— ஒங்கள அடிக்க நான் யாரு? மூஞ்சியத் தொடைங்க. ஏ மெட்டில்டா, தம்பிக்குக் குடிக்கச் சூடா ஒரு சாயத் தண்ணி ஊத்திக் கொண்டா.

— வேணாம்ண்ணே, கெளம்புறேன்.

— எங்க கெளம்புறது? கடைசி பஸ்ஸும் போயிருச்சி. விடிஞ்சி பெல்மதுளைக்கு எறங்கி கொழும்பு பஸ் புடிக்கலாம். இந்த வாசப்பக்க இஸ்தோப்புலயே பாய் விரிச்சித் தாறேன்.

— ஒங்க மக ஜொய்சி பரீட்சைக்கு இங்கதான் படிக்குதுன்னு ரெஜினோல்ட் சொன்னான். நான் படுத்தா புள்ளைக்கு எடஞ்சலா இருக்காதா?

— அத மட்டுந்தான் சொன்னானா தம்பி? "ரெண்டு நாள் வந்து படுத்துக்கவாண்ணே"ன்னு அவன் காய்ச்சலோட போன்ல கேட்டதுக்கு நான் சொன்ன பதில்தான் அது.