ஏலத்துக்கு வந்த தலை

போலீஸ் ஸ்டேஷன் டீ கழனித்தண்ணீர் மாதிரி இருக்கும் என்பார்கள் சார். இது நன்றாகவே இருக்கிறது. இஞ்சி தட்டிப் போட்டிருக்கிறார்கள்.

அருப்புக்கோட்டையில் எங்கள் தியேட்டர் அப்பா கட்டியது. எனக்கும் தம்பி சுப்புராஜுக்கும் சரிபாதி. இடித்துவிட்டுக் கல்யாண மண்டபம் கட்டலாம் என்று அவன் ஒற்றைக்காலில் நின்றான். நான் பால்கனியிலேயே வளர்ந்தவன். ஒரு தலைக்கு விலை வைத்து, நாலு கொலைகாரர்கள் போட்டி போடுகிற டப்பிங் படம் என்றால் எனக்குச் சோறு வேண்டாம். தியேட்டர் காற்று வாங்கினாலும் அதைத்தான் ஓட்டுவேன்.

அந்தப் படங்களில் ஒரு நியாயம் இருக்கிறது. போட்டி இருப்பதால் வேலை சீக்கிரம் முடியும். அவர்களே ஒருவரையொருவர் தீர்த்துக்கொள்வதால் சாட்சியும் மிஞ்சாது. இவ்வளவு சிக்கனமான ஏற்பாட்டை நம் ஊரில் யாரும் செய்து பார்க்கவில்லையே என்று எனக்கு நெடுநாள் வருத்தம்.

கூலிக்கு ஆளை வெட்டுகிற பரளச்சி அய்யப்பனிடம் தம்பியின் பெயரைச் சொன்னேன். அதே தொழில் செய்கிற மல்லாங்கிணறு ராஜகுருவிடமும் சொன்னேன். முதலில் முடிப்பவனுக்கு முழுத்தொகை. ரோஷம் வரட்டும் என்று ஒருவனைப் பற்றி மற்றவனிடம் ஏற்றியும் விட்டேன்.

அங்கேதான் தப்பு செய்தேன். நம் பக்கம் கண்மாய்க் கருவேல மரம் ஏலத்துக்கு வந்தால் என்ன செய்கிறோம்? கேட்க வந்தவர்களெல்லாம் முதலில் டீக்கடையில் கூடிப் பேசிக்கொள்வார்கள்; ஒருவன் கேட்பான், மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு பங்கு வாங்கிப் போவார்கள். இந்த இரண்டு பேரும் திருச்சுழி பஸ் ஸ்டாண்டில் சந்தித்து, கத்தியைத் தொடாமல் ஆளுக்கு இரண்டு வடை தின்றிருக்கிறார்கள். முறை விசாரித்ததில் மாமன் மச்சானாகவும் ஆகிவிட்டார்கள். சேர்ந்தே என்னிடம் வந்தார்கள்.

“எங்களுக்குள்ள என்னத்துக்கு மொதலாளி போட்டி? ஆளுக்கொரு முழுத்தொகையா குடுத்துருங்க,” என்றான் ராஜகுரு.

“இல்லைன்னா தம்பிகிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுட்டு வாரோம். அவுக என்ன வெல சொல்றாகன்னு பாப்போம்,” என்றான் அய்யப்பன்.

நான் மசியவில்லை. போய்க் கேட்டேவிட்டார்கள்.

மறுநாள் பகல்காட்சிக்கு முன்னால் சுப்புராஜ் பால்கனிக்கு ஏறி வந்தான். என் தலைக்கு எவ்வளவு சொல்லியிருப்பானோ என்று அவன் கையைத்தான் முதலில் பார்த்தேன். தன் பாதியை எனக்கே விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்ட விடுதலைப் பத்திரத்தை நீட்டினான்.

“இதுக்குப் போயா ஆளு வச்சீக? ஒரு வார்த்தை கேட்டிருந்தா குடுத்திருப்பேனேண்ணே. தியேட்டர நீங்களே வச்சுக்கங்க.”

அழுதேன் சார். நிஜமாகவே அழுதேன். தங்கமான பிள்ளை. கட்டிப்பிடித்துக்கொண்டேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். அவன் உயிரோடு இருக்கும்வரை தம்பி போட்ட பிச்சை என்றுதானே ஊர் சொல்லும்? ஆள் வைத்தும் காரியம் முடிக்கத் தெரியாதவன் என்று அந்த இரண்டு பேரும் கடை கடையாகச் சொல்லிச் சிரிப்பார்கள்.

பால்கனிக் கம்பி இடுப்புக்குக் கீழேதான் வரும். கட்டிப்பிடித்தபடியே அவனை நாலடி பின்னால் நடத்திக் கூட்டிப்போனேன். என் தோளில் முகத்தை வைத்து அவனும் அழுதுகொண்டிருந்தான். அங்கே வைத்துத் தள்ளினேன்.

வாக்குமூலத்தில் நீங்கள் எழுதியதெல்லாம் சரிதான். கையெழுத்துப் போடுகிறேன். ஓரிடத்தில் மட்டும் ‘கொலைகாரன்’ என்று இருக்கிறது, அதை அடித்துவிடுங்கள். அது கூலிக்குச் செய்கிறவர்களுக்கான பேர். என் தம்பி விஷயத்தில் நான் யாரிடமும் ஒரு பைசா கைநீட்டி வாங்கவில்லை.